இறக்கிய காரும் உப்பேறிய நட்டும்

ராமநாதபுரத்தில் இருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கி.மீ. முன்சக்கரம் ஒவ்வொன்றும் 3 மி.மீ. வெளிப்பக்கம் திரும்பிய நிலையில் ஒரு கார் இந்தத் தூரத்தை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் உயரம் 60 செ.மீ. 600-க்கு 3 என்றால் 200-க்கு 1. கிலோமீட்டருக்கு 5 மீட்டர். ராமேஸ்வரம் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு முன் டயரும் கணக்குப்படி 275 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் அத்தனையும் தேய்மானமாகிவிடாது. ஆனாலும் டயரின் பட்டன் எங்கே போனது என்று தேடுகிறவருக்கு இந்தக் கணக்கு போதும்.

ஸ்பிரிங் மாற்றி வண்டியின் உயரத்தை இறக்கியவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் கார் இறக்கும் ஆசை இருக்கவே இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வரும் பையன்கள், சாயல்குடி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி ஒரு சுற்றுப் போகிறவர்கள், சும்மா பார்வைக்காகச் செய்கிறவர்கள் என்று பல ரகம். ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ தாழ்த்துகிறார்கள். சில மாதத்தில் முன் டயரின் உள்பக்கம் மொழுமொழுவென்று ஆகிறது. கடையில் கேட்டால், "இறக்குனா கேம்பர் வரும் தம்பி, டயரு தின்னத்தான் செய்யும்" என்ற பதில் கிடைக்கும். இது பாதி உண்மை. கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மாறுவது நிஜம்தான். டயரைத் தின்னும் வேலையைப் பெரும்பாலும் செய்வது டோ, அதாவது மேலே கணக்குப் போட்ட அந்தப் பக்கவாட்டுத் திருப்பம்.

சக்கரத்துக்கு மூன்று கோணங்கள் பார்ப்பார்கள். காருக்கு நேர் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். 60 செ.மீ. டயரில் 1 டிகிரி நெகட்டிவ் என்றால் மேல்முனை கீழ்முனையைவிடச் சுமார் 1 செ.மீ. உள்ளே இருக்கும், கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். மேலே இருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரமும் முன்பக்கம் நெருங்கியிருந்தால் டோ இன், விரிந்திருந்தால் டோ அவுட். இது 3 மி.மீ. இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. காரின் பக்கவாட்டில் நின்று பார்த்தால், சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருப்பது காஸ்டர். ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவதற்கு அது வேண்டும். இறக்குவதால் அது அதிகம் மாறாது, பல கார்களில் அதை மாற்ற வழியும் கிடையாது. அதனால் காஸ்டரை இத்தோடு விட்டுவிடலாம்.

கேம்பர் தனியாக இருந்தால் டயர் ஒரு தோளில் கூடுதல் எடை தாங்கி உருளும், அவ்வளவுதான். 1 டிகிரி, ஒன்றேகால் டிகிரி நெகட்டிவ் கேம்பருடன், டோ சரியாக இருக்கும் கார் பல ஆயிரம் கிலோமீட்டர் பெரிய புகார் இல்லாமல் ஓடும். அதே கார் டோ அவுட்டிலும் இருந்தால் கதை மாறுகிறது. டோ சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது; எடை உள்விளிம்பில் அதிகமாக உட்கார்ந்திருப்பதால் அந்த இழுவையில் பெரும்பகுதி உள்விளிம்பிலேயே விழுகிறது. எந்த இடம் தேய வேண்டும் என்பதைக் கேம்பர் முடிவு செய்கிறது, எவ்வளவு வேகமாகத் தேய வேண்டும் என்பதை டோ முடிவு செய்கிறது. தேய்ந்த இடத்தை மட்டும் பார்ப்பதால்தான் பழி கேம்பர் மேல் விழுகிறது.

கையால் தடவிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலக் கரகரப்பாகவும் இருந்தால் அது டோ. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக ஒரு ஓரம் மட்டும் சரிந்திருந்தால் கேம்பர். நூல் வெளியே தெரிகிற அளவுக்குத் தேய்ந்த டயரில் இந்தச் சோதனை பலிக்காது. முன்பே தடவிப் பார்க்க வேண்டும்.

சரி, உயரம் குறைந்தால் சக்கரம் ஏன் பக்கவாட்டில் திரும்ப வேண்டும்? நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட். கீழே ஒரு லோயர் ஆர்ம் சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கிறது. ஸ்டீரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகரும் ரேக் என்னும் சட்டத்தில் இருந்து வரும் டை ராட் என்ற கம்பி தனியாக இன்னோர் இடத்தில் பிடித்திருக்கிறது. இரண்டும் உள்முனையை மையமாக வைத்து மேலும் கீழும் வட்டவில் போடுகின்றன. இரண்டின் நீளமும் மையமும் ஒன்றல்ல, ஆகவே வில்லும் ஒன்றல்ல. கம்பெனி வைத்த உயரத்தில், அதைச் சுற்றிய சில சென்டிமீட்டருக்குள், இரண்டு வில்லும் ஏறக்குறைய ஒட்டியே போகும்படி வடிவமைத்திருப்பார்கள். வண்டியை இறக்கும்போது அந்த ஒட்டிய பகுதியை விட்டு வெளியே வந்துவிடுகிறோம். லோயர் ஆர்ம் சக்கரத்தின் அடியை ஓர் அளவு நகர்த்துகிறது, டை ராட் வேறோர் அளவு நகர்த்துகிறது, அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்புகிறது. எந்தப் பக்கம் திரும்பும் என்பது வண்டியைப் பொறுத்தது. ரேக் முன்சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும் பல முன்சக்கர இழுவைக் கார்களில் டோ அவுட் பக்கம் போவதுதான் வழக்கம்.

அலைன்மென்ட் கடையில் டோவைச் சரிசெய்தால் நின்ற நிலையில் இது தீர்ந்துவிடும். ஓடும் நிலையில் தீராது. டை ராட் இப்போது சாய்ந்து நிற்பதால், சக்கரம் ஒவ்வொரு முறை மேலே போய்க் கீழே வரும்போதும் டோ முன்பைவிடக் கூடுதலாக மாறும். முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல் மண் மேல் போட்ட சாலைகள் அலை அலையாக ஏறி இறங்கும். அங்கே ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி அங்கும் இங்கும் மோப்பம் பிடித்துக்கொண்டு போவதற்கு இதுவே காரணம். அலைன்மென்ட் மெஷின் திரையில் எல்லாம் பச்சையாக வந்த வண்டிதானே என்று ஓட்டுநர் குழம்புவார். பச்சை என்பது வண்டி அசையாமல் நின்றபோது எடுத்த அளவு.

கேம்பர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எவ்வளவு இறக்கினாலும் நெகட்டிவ் கேம்பர் கூடிக்கொண்டே போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்ட்ரட் அமைப்பில் அப்படி இல்லை. லோயர் ஆர்மின் வெளிமுனை தாழ்ந்திருக்கும் வரை, வண்டி அமுங்க அமுங்க, அந்த முனையில் உள்ள பால் ஜாயின்ட் என்னும் மூட்டு வெளியே தள்ளப்பட்டு நெகட்டிவ் கேம்பர் கூடும். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிமுனை மேலே ஏறிவிட்டால் பால் ஜாயின்ட் திரும்ப உள்ளே வரத் தொடங்கும். கூடிய கேம்பர் மெல்ல நின்று, ஒரு கட்டத்துக்கு மேல் எதிர்ப்பக்கம் போகும். அதிகம் இறக்கிய கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்க டயர் தன் வெளித்தோளில் உருள்வது இதனால்தான். அதோடு, ஆர்ம் இப்படி மேல்நோக்கிச் சாய்ந்தால் வண்டி சாயும் மையப்புள்ளி, வண்டியின் எடைமையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. அதாவது ஸ்பிரிங் அதே விறைப்பில் இருந்தால் இறக்கிய வண்டி வளைவில் முன்பைவிட அதிகம் சாயவும் கூடும். இறக்கினால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்ற நம்பிக்கை ஓர் அங்குலம் வரை செல்லும். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் அது அழகுக்கு மட்டுமே.

ஸ்பிரிங்கை வெட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் 5 மிஞ்சும். விறைப்பு 20 சதவீதம் கூடும். ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்காகச் செய்தது, அதனால் வண்டி குதிக்கும். இதைவிட மோசமானது, வெட்டிய முனை ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சரியாகப் பொருந்தாது. நீளமும் குறைந்துவிட்டதால், சக்கரம் முழுக்கத் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். மாறிய இடத்தில் உட்கார்ந்தால் இடது உயரம் ஒன்று, வலது உயரம் ஒன்று. எந்த உயரத்துக்கு அலைன்மென்ட் செய்தோமோ அந்த உயரமே மறுநாள் இருக்காது. வெட்டாமல் நெருப்பு காட்டித் தாழ்த்துகிறவர்களும் உண்டு. எஃகின் பதம் போய்விடும், ஸ்பிரிங் மேலும் மேலும் உட்கார்ந்துகொண்டே போகும். இந்த இரண்டு வகை வண்டியையும் அலைன்மென்ட் கடைக்கு எடுத்துப் போவது வீண் செலவு. முதலில் முறையான ஸ்பிரிங் போட வேண்டும்.

முறையான ஸ்பிரிங் போட்ட வண்டியிலும் பலர் கோட்டை விடும் இடம் புஷ். லோயர் ஆர்மின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ் சுழலும் பேரிங் கிடையாது, முறுக்கிக் கொடுக்கும் ரப்பர். அதன் நடுக்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டுக் கீழே இறக்கினால், புஷ் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருக்கும். சீக்கிரம் கிழியும். கிழிவதற்கு முன்பே வண்டியைச் சில மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்துக்கொண்டு அளவையும் ஏமாற்றும். ஆகவே ஸ்பிரிங் மாற்றிய பின் வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். குழி உள்ள கடையிலோ சக்கரத்தைத் தாங்கும் லிஃப்டிலோதான் இது சுலபம். மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இங்கேதான் கடல் உள்ளே வருகிறது. உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு இந்தக் கடற்கரைக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) கடலோரத் துருவைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ஆண்டாண்டு காலமாகத் துருவோடு மல்லுக்கட்டி, கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. காரின் டை ராட் லாக் நட்டுக்கு அந்த மரியாதை எதுவும் கிடையாது. சாதாரண எஃகு, மெல்லிய பூச்சு, சக்கரத்துக்குப் பின்னால் தண்ணீர் அடிக்கும் இடம். போதாக்குறைக்கு மீன் வண்டிகள் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரைச் சாலையெல்லாம் ஒழுகவிட்டுக்கொண்டே போகின்றன. பின்னால் போகிற கார் அதை அடியில் வாங்கிக்கொள்கிறது. இறக்கிய கார் கொஞ்சம் அதிகமாகவே வாங்கும்.

இந்த நட்டைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் உண்டு. நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் கம்பெனி கொடுத்திருக்கும் திருத்தம் முன் டோ ஒன்றுதான். அந்த டோ முழுக்க டை ராட்டின் மரையில், அதைப் பூட்டும் லாக் நட்டில் இருக்கிறது. அது துருவில் இறுகிவிட்டால் பெரிய கேமரா மெஷின் வைத்திருக்கும் கடையும் அளந்து காட்டத்தான் முடியும். அவசரத்தில் பலமாகத் திருகினால் டை ராட் மரை போகும், அல்லது ரப்பர் பூட் என்னும் உறை முறுகிக் கிழிந்து ரேக்குக்குள் உப்புத் தண்ணீர் இறங்கும். ஒரு பக்க நட்டு மட்டும் திரும்பியது என்பதால் மொத்தத் திருத்தத்தையும் அந்தப் பக்கத்திலேயே செய்து அனுப்பும் கடைகளும் உண்டு. டோ எண் சரியாக வரும், ஸ்டீரிங் மட்டும் கோணலாக நிற்கும். அதைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்தால், ரேக் நடுவில் இல்லாத வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருகிறோம் என்று பொருள்.

அலைன்மென்ட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே இரண்டு பக்க லாக் நட்டிலும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. திருத்தம் முடிந்ததும் வெளியே தெரியும் மரையில் கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த தடவை வேலை சுலபம். அடியைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்வார்கள். சரியான யோசனைதான், தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால். இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் போர்த் தண்ணீரே உப்பு. அதை அடித்துக் கழுவுவது துருவுக்கு இன்னொரு வேளைச் சாப்பாடு. தனுஷ்கோடி போய் வந்த வண்டி என்றால், காவிரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடத்தை அடிப்பக்கத்துக்கு ஒதுக்கலாம். வீட்டில் திட்டு விழுந்தால் அதற்கு இந்தக் கட்டுரை பொறுப்பில்லை.

கேம்பரைத் திருத்த வேண்டுமானால் தனியாகச் செலவு செய்ய வேண்டும். ஸ்ட்ரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் உள்ள இரண்டு போல்ட்டில் ஒன்றை எடுத்துவிட்டு, மையம் விலகிய கேம்பர் போல்ட் போடுவது ஒரு வழி. ஒன்று, ஒன்றரை டிகிரி வரை நகர்த்த முடியும். வழக்கமான போல்ட்டைவிட நடுப்பகுதி மெலிந்திருப்பதால் சொன்ன டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவில்) இறுக்குவது அவசியம். ஸ்ட்ரட்டின் தலையில் நகரும் கேம்பர் பிளேட் போடுவது இன்னொரு வழி. அது ரப்பருக்குப் பதில் உலோக மூட்டாக இருந்தால் சத்தம் வரும், மணலும் உப்பும் ஏறினால் கடகடவென்று ஆடத் தொடங்கும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு, அதுவும் இந்தக் காற்றில், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 30, 35 மி.மீ. இறக்கிய காரில் கேம்பர் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக, ஒன்றேகால் டிகிரிக்குள் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு டோவைப் பூஜ்யத்துக்கு மிக அருகில் வைப்பதே போதும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மட்டும், இறக்கியதைத் தவிர வேறு ஏதோ வளைந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

பின்சக்கரம் பெரும்பாலும் டார்ஷன் பீம். இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பு உத்தரம் சேர்த்திருப்பதால், உயரம் குறைந்தாலும் கேம்பரும் டோவும் அதிகம் மாறாது. திருத்தமும் கிடையாது, தேவைப்பட்டால் சக்கரம் மாட்டும் ஹப்புக்குப் பின்னால் மெல்லிய ஷிம் தகடு வைப்பார்கள். ஆனாலும் பின்பக்கத்தை அளக்காமல் முன்பக்கத்தை மட்டும் பார்த்து அனுப்பும் கடையை நம்ப வேண்டாம். பின் உத்தரம் சற்றுக் கோணலாக இருந்தால், முன்சக்கரத்தை அதற்கு ஏற்றபடி வைத்தால்தான் ஸ்டீரிங் நேராக நிற்கும்.

அளக்கும் நாளில் வண்டி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதிலும் கொஞ்சம் அக்கறை வேண்டும். புது ஸ்பிரிங் போட்ட அன்றே அளக்காமல், சில நாள் ஓட்டி உட்காரவிட்டு அளப்பது நல்லது. டயர் காற்று நான்கிலும் சரியாக இருக்க வேண்டும். பால் ஜாயின்ட்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். எடையும் முக்கியம். தனியாக ஆபீஸ் போய்வரும் கார் வேறு. வாரம் தவறாமல் ஐந்து பேரோடு ஏர்வாடிக்கோ தேவிபட்டினத்துக்கோ போகும் கார் வேறு. இரண்டாவது வண்டி ஏற்கெனவே தாழ்ந்த உயரத்தில் இருந்து இன்னும் தாழ்ந்து ஓடுகிறது. வழக்கமான பாரத்தைச் சீட்டில் வைத்து அளக்கச் சொன்னால் கடைக்காரர் முறைப்பார். சொல்லுங்கள். கேம்பர் திருத்தம் இருந்தால் அதை முதலில் முடித்து, டோவைக் கடைசியில் வைக்க வேண்டும். கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும். திருத்தத்துக்கு முன் எடுத்த எண்களும் பின் எடுத்த எண்களும் சேர்ந்த அச்சுத்தாளைக் கேட்டு வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.

வீட்டில் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. இந்தக் கடற்கரையில் மீன் பிடிக்கும் தங்கூசி நரம்புக்குப் பஞ்சமில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங்கை நேராகக் கட்டி, வண்டியின் இரு பக்கமும் ஹப் உயரத்தில் நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். இரண்டு முன் ஹப்பின் நடுவில் இருந்தும் அந்தந்தப் பக்க நரம்புக்கு ஒரே தூரம், பின் ஹப்பில் இருந்தும் இரு பக்கமும் ஒரே தூரம், இரண்டு நரம்புக்கும் நடுவே முன்னும் பின்னும் ஒரே அகலம். இதைச் சரியாக அமைப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். அப்புறம் ரிம்மின் முன்விளிம்பில் இருந்தும் பின்விளிம்பில் இருந்தும் நரம்புக்கு உள்ள தூரத்தை ஸ்கேலால் எடுத்தால், வித்தியாசம்தான் அந்தச் சக்கரத்தின் டோ. முன்விளிம்பு நரம்புக்கு நெருக்கமாக இருந்தால் டோ அவுட். அரை மில்லிமீட்டர் நுணுக்கம் வராது. 3 மி.மீ. தவறு இருந்தால் நிச்சயம் அகப்படும்.

வண்டி இழுக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பதற்குப் பாம்பன் பாலம் சரியான இடமல்ல. கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே நல்ல வண்டியும் ஒதுங்கும். பழைய ரயில் பாலம் ஓட்டத்தில் இருந்த காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். உச்சிப்புளிக்கு முன்பின் உள்ள நேரான பகுதியில், காற்று விழுந்த அதிகாலையில் பாருங்கள். அப்போதும் மெல்ல இடது பக்கம் போனால் உடனே அலைன்மென்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிகிறது. இடது ஓரம் ஓட்டும் நம் வண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும். அதற்கு மாறாக வலது பக்கம் இழுத்தாலோ, ஸ்டீரிங்கைத் திருப்பிவிட்டால் நேருக்குத் திரும்பி வராமல் நின்றாலோ கடைக்குப் போகலாம்.

வேகத்தடைகளும் இந்தக் கணக்கில் சேரும். இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மேலே மெல்லிய வளைவு. அப்படி இருந்தால் இறக்கிய காரும் ஏறி இறங்கிவிடும். 163 மி.மீ. தரை இடைவெளி உள்ள ஸ்விஃப்டை 35 மி.மீ. இறக்கினால் 128 மிஞ்சும், ஆள் ஏறினால் இன்னும் குறையும். ஊருக்குள் திடீரென்று முளைக்கும் குட்டையான, செங்குத்தான தடைகளில் அடி தட்டும், சக்கரம் மேலேறுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கும். அப்படி ஓர் இடி பலமாக விழுந்தால் டோ மாறியிருக்க வாய்ப்புண்டு. அடுத்த பெரிய பயணத்துக்கு முன் நரம்பை எடுத்துக் கட்டிவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஸ்பிரிங் போடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். வண்டியை இறக்கியதும் ஹெட்லைட் வீச்சும் மாறியிருக்கும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் தாழ்ந்திருந்தால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழும். அலைன்மென்ட் முடிந்த அதே மாலையில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, ஸ்குரூ டிரைவரால் அதையும் இறக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.